மேக்கணக்கு இட்டலி

சாமிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் இட்டலி ஆகாது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், வேலாயியைத் தவிர. நானுஓயா ஸ்டேசனிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு மலை நிற்கும். அதில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது மேக்கணக்கு லயம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம், ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பரா. மாசி மாதத்து விடியற்காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஆடை ஆடையாக ஐஸ் படிந்திருக்கும். அந்தக் குளிரில் மனுசனே எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், உளுந்து மாவு மட்டும் எழுந்து பொங்கிவிடுமா? முதல் நாள் சாயந்திரம் எப்படிக் கரைத்து வைத்தார்களோ, அப்படியே மறுநாளும் செத்துக் கிடக்கும். ஊற்றி அவித்தால் கல்.

வேலாயி வட்டவளையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வட்டவளையில் மழை கொட்டும், அட்டை கடிக்கும், ஆனால் மாவு பொங்கும். அவள் பிறந்த வீட்டில் நல்ல நாள் என்றால் இட்டலிதான். அம்மா ஆட்டுவாள், மகள் தள்ளிவிடுவாள், பிறகு இரண்டு பேரும் ஒரே பானையில் கைவிட்டுக் கரைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு அந்தப் பெருமையை இங்கே காட்டப் போனாள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுவிட்டு, "அடியே, இது இட்டலியா, கவ்வாத்துக் கத்தி தீட்டுற கல்லா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதினாலு வருசம் ஆயிற்று. பேச்சியம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இதெல்லாம் வெறும் வாய்ச் சண்டையாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இட்டலியில்தான் அம்மன் இருந்தாள்.

மாரியம்மன் கோயில் கீழ்க்கணக்கில், மூன்று மைல் இறக்கத்தில் இருந்தது. மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் மறுநாள் காலைப் பூசை முடிந்த பிறகுதான் வாயில் பச்சைத் தண்ணீர் படவிடுவார்கள். அவர்களுக்குப் போடுகிற முதல் சாப்பாடு ஆவியில் வெந்த இட்டலியாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டைப் போடுவதற்குப் பேர் உபயம். எந்த லயம் உபயம் போடுகிறதோ அந்த லயத்துக்குத்தான் அன்றைக்குக் கரகம் போகும். பூச்சுற்றிய செம்பில் அம்மனே வந்து உட்கார்ந்து, பூசாரியின் தலையில் ஏறி, வாசல் வாசலாக வருவாள். இதில் இன்னொரு சட்டமும் உண்டு. எந்த லயத்து உபயமோ அந்த லயத்திலேயே மாவு ஆட்ட வேண்டும், அங்கேயே பொங்கவும் வேண்டும். ஆக, மாவு பொங்காத மேக்கணக்குக்கு உபயமும் கிடையாது, கரகமும் கிடையாது. விறகு வெட்டிக் கொடுக்கிற வேலை மட்டும் உண்டு. நல்ல நியாயம்!

வேலாயிக்கு அந்தக் கரகம் வேண்டியிருந்தது. அவளுடைய ஒரே மகள் நாகலெட்சுமி மூன்று வயதில் அம்மை போட்டு, உடம்பெல்லாம் கொப்புளமாகி, கண்ணைத் திறக்காமல் ஒன்பது நாள் கிடந்தாள். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. வேலாயி வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, கீழே கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தினாள்: "ஆத்தா, எம் புள்ளையக் குடுத்துடு. நீ எவ் வாசலுக்கு வா, எங் கையால ஓங் கால கழுவுறேன்!" பத்தாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து சோறு கேட்டாள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். வேலாயியால்தான் சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. வருசா வருசம் திருவிழாவன்று மேட்டு விளிம்பில் நின்று பார்ப்பாள். கரகம் கீழே பாலம் வரைக்கும் வரும், பிறகு திரும்பிப் போய்விடும். பத்து வருசம் அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவள் வயிறு எரிந்தது.

ஐம்பத்தேழாம் வருசம் மாசி பிறந்ததும் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நடுவில் பெரிய கங்காணி சின்னராசா. கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தான். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"மொத நா உபயம் வழக்கம்போல ஸ்டோர் லயம். மேக்கணக்கு ஆளுங்க வெறகு. சரிதானே?"

"சரிங்க" என்றார்கள் ஆண்கள்.

"சரியில்லைங்க" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

கங்காணி கழுத்தைத் திருப்பினார். "யாரது?"

"நாந்தாங்க, மேக்கணக்கு சோலைமலை வீட்டு வேலாயி. இந்த வருசம் மொத நா உபயம் எங்க லயத்துக்குக் குடுங்க."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. கங்காணியும் சிரித்தார். "குடுத்துடலாம் தாயி. காப்புக் கட்டுனவன் பல்லு ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

"பல்லு இல்லாதவங்க கூட முழுங்குற மாதிரி போடுவோமுங்க" என்றாள் வேலாயி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் வாயை விட்டது விட்டதுதான்.

கங்காணிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் ஒரு பெண்பிள்ளை எதிர்த்துப் பேசியதை அவர் எப்படி விடுவார்? "சரி. ஒங்களுக்கே உபயம். ஆனா ஒண்ணு. இட்டலி கல்லாப் போச்சுன்னா, இனிமே மேக்கணக்குலேருந்து உபயம்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒம் மக காலத்துலயும் கெடையாது. சம்மதமா?"

வேலாயி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பதின்மூன்று வயது நாகு அம்மாவின் முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அது 'வேண்டாம்' என்றா, 'சொல்லு' என்றா என்று வேலாயி விசாரிக்கவில்லை.

"சம்மதமுங்க."

ஏற்றத்தில் இரண்டு வளைவு வரைக்கும் புருசன் சோலைமலை முன்னால் நடந்துகொண்டே இருந்தான். அவன் நல்ல மனுசன். கோபம் வருவதற்கு அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மூன்றாவது வளைவில் நின்றான். "ஏண்டி, அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன?"

"போடுங்க. அதுக்கு முந்தி டவுனுக்குப் போயி ரெண்டு கொத்து உளுந்து அளந்து வாங்கியாங்க. இன்னும் பதினஞ்சு நாதான் இருக்கு."

அந்தப் பதினைந்து நாளில் முதல் வாரம் நாசமாகப் போயிற்று. மாவுப் பானையை அடுப்போரம் வைத்தாள். அடிமாவு வெந்து மேல்மாவு பச்சையாக நின்றது. கம்பளியைச் சுற்றி வைத்தாள். கம்பளி என்ன செய்யும், உள்ளே இருக்கிற குளிரைப் பத்திரமாகக் காத்துக் கொடுத்தது. மாட்டுப்பட்டியில் வைக்கோலுக்குள் வைத்தாள். கொஞ்சம் பொங்கிற்று, ஆனால் வாடையில் மாடே திரும்பிப் பார்க்கவில்லை. லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பேச்சியம்மா ஆப்பச் சோடா போடச் சொன்னாள்.

"சோடாவா? அம்மன் ஏப்பம் விடவா?"

"அப்ப கொஞ்சம் கள்ளு ஊத்து. கீழ ஆப்பக்காரங்க அப்புடித்தான் செய்யிறாங்க."

"காப்புக் கட்டுனவங்களுக்குக் கள்ளு மாவா! நீ பேசாம போயிடு பேச்சி, எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு."

பேச்சியம்மா போய்விட்டாள். ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை, பயம் இருந்தது. ஊர் முன்னால் அவமானப்படப் போவது வேலாயி ஒருத்தி மட்டுமா, லயம் முழுதும்தானே. வேலாயி அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. நாகு தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூடை நிறைந்ததும் சாக்கில் கொட்ட வேண்டும், சாக்கு நிறைந்தால் நிறுக்கிற இடத்துக்குச் சுமக்க வேண்டும். இரண்டு நடை எதற்கென்று அந்தக் கழுதை என்ன செய்தாள் தெரியுமா? கொழுந்தைச் சாக்கில் போட்டு, முழங்காலால் ஏறி மிதித்து, இரண்டு சாக்குக் கொழுந்தை ஒரே சாக்கில் அடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கொழுந்தை அமுக்கக் கூடாது என்பது தோட்டத்தில் முதல் பாடம். அமுக்கினால் சூடேறிச் சிவந்துவிடும், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எடுக்க மாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை வீரய்யா சாக்குக்குள் கையைவிட்டார். விட்ட கையை வெடுக்கென்று எடுத்தார்.

"இது சாக்கா, அடுப்பா? கொழுந்த அவிச்சுக் கொண்டாந்திருக்கா பாரு! இத எவன் எடுப்பான்?"

சாக்கை அப்படியே தரையில் கவிழ்த்தார். நடுவிலிருந்த இலை செம்பட்டையாகிக் கிடந்தது. வேலாயி மகள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "எத்தன தடவ சொன்னேன், அமுக்காத அமுக்காதன்னு!"

நாகு அழவில்லை. குனிந்து அந்த இலைக் குவியலுக்குள் கையை நுழைத்தாள். அப்படியே இருந்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, கைய வையி."

"என்னடி இப்ப?"

"வையின்னா வையி!"

வேலாயி வைத்தாள். கதகதவென்று இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்ட மாதிரி ஒரு சூடு. அடுப்பில்லை, நெருப்பில்லை, புகையில்லை. ஏழாம் நம்பர் மலையின் ஊசிக்காற்றில் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அம்மாவும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். இருபது வருசமாகக் கொழுந்து எடுக்கிறாள், அமுக்கினால் சூடேறும் என்று இருபது வருசமாகத் தெரியும். தெரிந்தும் புத்தியில் உறைக்கவில்லையே! வேலாயி வாய்விட்டுச் சிரித்தாள்.

"வாங்குற ஏச்சுக்கு இந்தப் பொம்பள சிரிக்கிறாளே" என்று வீரய்யா கணக்கை எழுதாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்துக் கொழுந்தில் ஒரு கிள்ளு கூட வேலாயி எடுக்கமாட்டாள். அம்மனுக்குச் செய்கிற காரியத்தில் திருட்டு இலை கலந்தால் விளங்குமா? ஆனால் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை பொறுக்கி எறிகிற முற்றிய இலை இருக்கிறதே, அதற்கு யாரும் சொந்தமில்லை. வழக்கமாக அந்த இலையை எறியும்போது பெண்கள் அவரோடு மல்லுக்கு நிற்பார்கள். அந்த வாரம் மேக்கணக்குப் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எறிந்ததை எல்லாம் சந்தோசமாக மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். வீரய்யாவுக்கு அது சண்டையைவிடப் பெரிய கவலையாகிவிட்டது.

இலைச் சாக்குக்கு நடுவில் இறக்கி வைத்த முதல் மாவுப் பானையில் சூடு போதவில்லை, இலையைச் சும்மா திணித்திருந்தார்கள். இரண்டாவது பானைக்கு நாகு இலையைச் சாக்கில் போட்டுக் காலால் துவைத்தாள். சூடு ஏறிற்று பாருங்கள், மாவு பொங்கிப் பானையை விட்டு வெளியே வந்து சாக்கெல்லாம் வழிந்து, சாராய வாடை அடித்தது. அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டார்கள். வேலாயி இலையைக் குறை என்றாள், நாகு உப்பைப் பிந்திப் போடு என்றாள். கடைசியில் இரண்டையும் செய்து பார்த்தார்கள். மூன்றாவது பானையில் கையைவிட்டால் கை பொறுக்கிற சூடு. விடிந்து பார்த்தால் மாவு விளிம்புக்கு வந்து நுரைத்து நின்றது. ஒரே ஓர் ஈடு அவித்து, பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு இட்டலி கொடுத்தார்கள். பேச்சியம்மா அதைக் கையில் வைத்து அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். "நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள். பதினாலு வருசத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து இந்தச் சொல்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேலாயிக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

காப்புக் கட்டுகிற சனிக்கிழமை தோட்டத்துக்கே லீவு, கொழுந்து கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமையே எல்லோர் மடியிலிருந்த இலையையும் வாங்கிச் சேர்த்தாள். சாக்கில் கிடந்தால் முன்கூட்டியே சூடேறித் தணிந்துவிடுமே என்று, வாசலில் சாக்குப் படங்கை விரித்து மெல்லிசாகப் பரப்பி வைத்தாள். பெரிய கெட்டிக்காரத்தனம்! சனிக்கிழமை காலையில் வெயில், வெயிலுக்கு மேல் காற்று. பதினொரு மணிக்கு உளுந்தை ஊறவைத்துவிட்டு வந்து இலையை அள்ளினாள். வதங்கிச் சுருண்டு, துணிக்கந்தை மாதிரி கையில் தொங்கிற்று. சாக்கில் திணித்தார்கள், மிதித்தார்கள், ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. இலையை வாட்டுவது ஸ்டோர்க்காரன் வேலை; அதை இவள் வாசலிலேயே செய்து முடித்திருந்தாள்.

வேலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானூறு இட்டலிக்கு ஐந்து பானை மாவு ஆட்ட வேண்டும். பன்னிரண்டு வீட்டு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. காப்புக் கட்டியவர்கள் கீழே பட்டினி தொடங்கிவிட்டார்கள். 'ஒம் மக காலத்துலயும் கெடையாது.' அந்த வார்த்தை காதுக்குள் நின்று இடித்தது.

"எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஆத்தாள நானே வராத வராதன்னு வெரட்டிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சியம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். சோலைமலை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வாடிய இலையையே மறுபடி மிதித்துக்கொண்டிருந்தான்.

நாகு மட்டும் மாட்டுப்பட்டிப் பக்கம் போனாள். காலையில் அறுத்துப்போட்ட புல்லில் மிச்சம் ஒரு மூலையில் கும்பலாகக் கிடந்தது. அதற்குள் கையைவிட்டாள். அங்கிருந்தே கத்தினாள்: "யம்மோவ்! புல்லும் சுடுதும்மா!"

வேலாயி எழுந்து ஓடினாள். சூடுதான். கொஞ்சமாக, ஆனால் உண்மையான சூடு.

"தேயிலதான் சுடணும்னு இருக்கா என்ன?" என்றாள் நாகு. "பச்சையா இருந்தாப் போதும்மா. மிதிச்சாப் போதும்."

அந்தப் பதின்மூன்று வயதுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லயத்து ஆண்களைப் பார்த்தாள். "எல்லாரும் அருவாள எடுங்க. பள்ளத்துல நல்ல எளம் புல்லாப் பாத்து அறுத்துக்கிட்டு வாங்க. மாமா, நீங்களுந்தான். பாத்துக்கிட்டு நின்னா எப்புடி?"

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். அன்றைக்கு மேக்கணக்கு மாடுகளுக்குச் சாயந்திரத் தீனி இல்லை. வெட்டின புல் வெட்டின கையோடு கட்டுக் கட்டாக வாசலில் விழுந்தது. தோட்டப் பாத்தியில் இருந்த பீன்ஸ் கொடி, முள்ளங்கித் தழை எல்லாம் வந்தது. பிள்ளைகள் அத்தனையும் சாக்குகளில் ஏறிக் குதித்தார்கள். வேலைக்கு வேலை, விளையாட்டுக்கு விளையாட்டு. நாகு சாக்குச் சாக்காகப் போய்க் கையைவிட்டுப் பார்த்து, "இது காணாது, இன்னும் மிதி" என்று அதிகாரம் பண்ணினாள்.

ஆட்டுக்கல்லில் வேலாயி உட்கார்ந்தாள். ஒரு கல் இல்லை, லயத்து நாலு கல்லும் வாசலுக்கு வந்திருந்தன. உளுந்து ஆட்டுவது மட்டும் தன் கல்லில்தான் என்று சொல்லிவிட்டாள். அவள் குழவியைச் சுற்ற, நாகு கையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மாவைத் தள்ளிவிட்டாள்.

"தண்ணி தெளி."

"போதும்மா. இன்னும் தெளிச்சா ஓடிப்போயிடும்."

"ஒனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

வேலாயி மாவை விரலில் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டாள். அமுங்காமல் மிதந்தது. மகள் சொன்னதுதான் சரி. அதை வாயைத் திறந்து சொல்லவா முடியும்? "சரி சரி, வழி" என்றாள். ஐந்து பானையிலும் அம்மாவும் மகளும் கைவிட்டுக் கரைத்தார்கள். முழங்கை வரைக்கும் மாவு. பானைக்குள் நாகுவின் விரல்கள் அம்மாவின் விரல்களில் மோதி மோதிப் போயின. ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்த பிள்ளையின் கை இது. வெயில் இறங்குவதற்குள் பானைகள் புல் மூட்டைகளுக்கு நடுவில் இறங்கின, பன்னிரண்டு வீட்டுக் கம்பளியும் மேலே ஏறியது.

விடிந்தும் விடியாமல் லயமே வேலாயி வாசலில் நின்றது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. வேலாயி கம்பளியைத் தொட்டாள், எடுக்கத் துணியவில்லை. "நீ எடு" என்றாள் மகளிடம். நாகு கம்பளியை உருவி, மூட்டையைப் பிளந்தாள். குப்பென்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. மூடித் துணியை மாவு தூக்கிக்கொண்டு நின்றது. முதல் பானை. இரண்டாவது பானை. ஐந்தும்! சோலைமலை கூவின கூவலில் காட்டுக்கோழி பறந்தது.

மூன்று மைல் இறக்கம். பானைகளைச் சும்மாட்டில் வைத்து, ஆடாமல் அசையாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற நடையில் பெண்கள் இறங்கினார்கள். கோயிலடியில் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பூசை நடக்க நடக்கவே நாகு தட்டில் துணியை நனைத்து விரிக்க, வேலாயி மாவை ஊற்றினாள். கீழ்க்கணக்கு முழுதும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஸ்டோர் லயத்துப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றார்கள். கங்காணி நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்புக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டார். எதற்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா!

மூடியைத் திறந்தாள் வேலாயி. ஆவி விலகியது. வெள்ளை வெளேர் என்று உப்பி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன இட்டலிகள். துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரித்தாள், ஒன்றுகூட ஒட்டவில்லை. யாரோ பின்னால் "அடேயப்பா" என்றார்கள்.

முதல் ஈடு அம்மனுக்குப் போயிற்று. அடுத்து காப்புக் கட்டியவர்களுக்கு. அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். இரண்டு, நாலு, எட்டு என்று இலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக நாகு ஒரு தட்டில் இரண்டு இட்டலி வைத்துக் கங்காணியிடம் நீட்டினாள்.

"சாப்புடுங்க ஐயா. பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். கங்காணி பிட்டார். வாயில் போட்டார். மென்றதாகத் தெரியவில்லை, அதற்குள் இறங்கிவிட்டது. இரண்டாவதையும் சாப்பிட்டார். தட்டை மறுபடி நீட்டினார். அந்த மனுசன் ஏழு இட்டலி சாப்பிட்டதை ஊரே எண்ணியது.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினதும் அவருக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. "இட்டலி நல்லாத்தான் இருக்கு. இல்லேங்கல. ஆனா கரகத்தத் தலையில வச்சுக்கிட்டு மூணு மைல் ஏத்தம் ஏறணும்ல. பூசாரிக்கும் வயசாச்சு. பாலத்தடியிலயே ஒரு பூசையப் போட்டு..."

அதற்குள் இலையை விட்டு எழுந்தார் பூசாரி சின்னத்தம்பி. அறுபது வயது, ஒல்லி உடம்பு, கையில் காப்பு.

"கங்காணி, பேச்ச மாத்தாதீங்க" என்றார். "இந்தச் சோத்தத் தின்னுட்டு அந்த வாசலுக்குப் போகாட்டி, அந்தச் சோறு ஒடம்புல ஒட்டாது. தப்ப எடுங்கடா!"

தப்புக்காரர்கள் காத்துக்கொண்டா இருந்தார்கள்? அடித்த அடியில் மலை அதிர்ந்தது. கரகம் பூசாரியின் தலையில் ஏறியது. பாலத்தடிக்கு வந்தது. பத்து வருசமாகத் திரும்பிய இடத்தில் ஒரு நொடி நின்று ஆடியது. பிறகு பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் கால் வைத்தது. மேக்கணக்கு ஆட்கள் போட்ட குலவையும் கூச்சலும் நானுஓயாவில் கேட்டிருக்கும். கீழ்க்கணக்கு ஆட்களும் பின்னாலேயே ஏறினார்கள். கங்காணியும் கைத்தடியை ஊன்றி மூச்சு வாங்க ஏறினார்; வராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

வேலாயி குறுக்குப் பாதையில் ஓடி முந்திக்கொண்டாள். வாசலைத் தெளித்து, குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்து, மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். தப்புச் சத்தம் வளைவு வளைவாக மேலே வந்தது. கடைசி வளைவில் முதலில் பூ தெரிந்தது, பிறகு செம்பு, பிறகு வியர்வையில் நனைந்த பூசாரியின் முகம். கரகம் நேராக வந்து அவள் வாசலில் நின்றது.

வேலாயி குடத்தைத் தூக்கினாள். தூக்கினவள் அதை மகள் கையிலும் கொடுத்து, நாலு கையாகப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் அந்த வெடித்த பாதங்களில் வழிந்து வாசலில் ஓடியது. நாகு குனிந்து, சேறும் புல்லும் ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

பூசாரிக்கு அருள் வந்தது. உடம்பு உதறியது. "வந்துட்டேண்டி" என்றது குரல். "என்னடி வேணும்? கேளுடி!"

அருள் வந்து கேட்கும்போது கேட்டுவிட வேண்டும். நல்ல சம்பந்தம், தீராத நோய், காணாமல் போனது, எதுவானாலும். பத்து வருசமாக வேலாயியும் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஆத்தா" என்றாள். "ஏறி வந்து களைச்சுப் போயிருப்ப. உள்ள வா, ரெண்டு இட்டலி சாப்புடு."